பயிற்சியாளர் தங்கிவிட்ட ஊர்

பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோரின் கண் முதலில் கூடத்தின் மீதுதான் விழும். மெத்தை புதிதா, கருவிகள் எந்த நாட்டுத் தயாரிப்பு, மாதக் கட்டணம் எவ்வளவு என்று விசாரிப்பார்கள். திரிபுராவின் தலைநகர் அகர்தலாவில் இந்தக் கேள்விகளோடு போனவர்களுக்குப் பல ஆண்டுகள் நல்ல பதில் கிடைத்திருக்காது. ஆனால் அந்த ஊர்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்திய ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஆட்களைக் கொடுத்து வருகிறது.

திரிபுராவை மூன்று பக்கம் வங்கதேசம் சூழ்ந்திருக்கிறது. அகர்தலாவுக்கு ரயில் வந்ததே 2008-ல்தான்; டெல்லிக்கு நேரடி ரயில் விடப்பட்டது 2016 ஜூலை இறுதியில். அதுவரை கனமான எந்தப் பொருளும் மலைச்சாலை ஏறி இறங்கித்தான் வந்து சேர வேண்டும். ஓடிவந்து கையூன்றித் தாண்டும் வால்ட் மேசையோ, மேலேறி நின்று ஆடும் பீமோ அங்கே வாங்கி வைப்பது எளிதாக இருந்திருக்காது.

கருவி இல்லாவிட்டாலும் பழக்கம் இருந்தது. 1867-ல் கல்கத்தாவில் இந்து மேளாவைத் தொடங்கிய நபகோபால் மித்ரா, வங்காளி இளைஞர்கள் உடலில் பலவீனமானவர்கள் என்ற ஏளனத்தைத் தாங்க மாட்டாமல் உடற்பயிற்சிக் கூடமும் நடத்தினார். அங்கே பயிற்சி செய்த சிறுவர்களில் ஒருவன் நரேந்திரநாத் தத்தா, பின்னாளைய விவேகானந்தர். 1902-ல் தோன்றிய அனுசீலன் சமிதி கம்பும் குஸ்தியும் கற்றுக்கொடுத்தபடியே சுதந்திரப் போராட்டத்துக்கு ஆள் சேர்த்தது. அதன் கிளை இருந்த டாக்கா அகர்தலாவுக்கு வெகு தொலைவில் இல்லை. தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து பெருந்திரளாக மக்கள் திரிபுராவுக்கு இடம்பெயர்ந்தார்கள். தெருவுக்குப் பொதுவான உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பிள்ளைகளை மாலையில் அனுப்பும் வழக்கம் வங்காளிக் குடும்பங்களில் ஊறிப்போன ஒன்று. அகர்தலாவில் அப்படியொரு கூடத்துக்கு விவேகானந்தரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

1960-களில் ஹரியானாக்காரர் ஒருவர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். தலிப் சிங் என்ற அந்தப் பயிற்சியாளர்தான் திரிபுராவில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அடித்தளம் போட்டவர். அப்போது திரிபுரா தனி மாநிலம்கூட ஆகவில்லை, 1972-ல்தான் ஆனது. மொழி வேறு, சாப்பாடு வேறு. இருந்தும் அவர் அங்கேயே இருந்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். அவர் வழிவந்த மண்டு தேப்நாத் 1975-ல் அர்ஜுனா விருது பெற்றார். 2000-ல் கல்பனா தேப்நாத்துக்கும் அதே விருது கிடைத்தது.

விருதுகளைவிடப் பெரிய காரியம், தலிப் சிங்கிடம் கற்றவர்களில் சிலர் ஊரை விட்டுப் போகாமல் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தது. பிஸ்வேஸ்வர் நந்தி அவர்களில் ஒருவர். அவருடைய மனைவி சோமா நந்தியும் பயிற்சியாளர்.

1999 வாக்கில் சோமாவிடம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். அப்பா துலால் கர்மாகர் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பளுதூக்கும் பயிற்சியாளர். மகள் தீபா ஜிம்னாஸ்டிக்ஸில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. சிறுமிக்குத் தட்டைப்பாதம். ஜிம்னாஸ்டிக்ஸில் அது சின்னக் குறை இல்லை. ஓடிவந்து பலகையை மிதித்து எழும்பும்போது பாதத்தின் வளைவுதான் வில்லாக நின்று உடலை மேலே தள்ளும். கரணமடித்துத் தரையில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் அதே வளைவு. அது இல்லாத குழந்தையைத் திருப்பி அனுப்ப எந்தப் பயிற்சியாளருக்கும் நியாயம் இருந்தது. நந்தி தம்பதி அனுப்பவில்லை. பாதத்துக்கென்றே தனிப் பயிற்சி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினார்கள். சீக்கிரமே தீபா பிஸ்வேஸ்வர் நந்தியின் கைக்கு மாறினார். கடைசி வரை அவரிடமே இருந்தார்.

அவர் பயிற்சி எடுத்த கூடம் மழைக்காலத்தில் ஒழுகும், எலியும் கரப்பானும் ஓடும் என்று பிற்காலத்தில் பத்திரிகைகள் எழுதின. ஆரம்பத்தில் வால்ட் பயிற்சிக்குப் பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு கருவி செய்துகொண்டார்கள். மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் பாய்ந்ததும் உண்டு. வறுமையை அழகாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தவறான இறக்கம் கழுத்தை முறிக்கும் விளையாட்டில் இந்த நிலை வெட்கக்கேடு. அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல மெத்தை கிடைத்திருக்க வேண்டும்.

ஜல்பைகுரியில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் தீபா வென்றார். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வால்ட்டில் வெண்கலம்; காமன்வெல்த்தில் பதக்கம் பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவர்தான். 2016-ல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது, இந்திய ஜிம்னாஸ்ட் ஒருவர் அந்த மேடையில் கால் வைத்து 52 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெண்களில் அவருக்கு முன் யாரும் போனதில்லை.

ரியோ ஒலிம்பிக்கில் அவர் நம்பிப் போனது புரோடுனோவா என்ற வால்ட் பாய்ச்சலை. ரஷ்யாவின் யெலேனா புரோடுனோவா 1999-ல் செய்து காட்டியது. 25 மீட்டர் ஓடி, பலகையை மிதித்து, 125 சென்டிமீட்டர் உயர மேசையைக் கைகளால் தள்ளி, முழங்காலை மடக்கி முன்பக்கமாக இரண்டு கரணம். இறங்கும்போது தரை கண்ணுக்குத் தெரியாது. உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே அதைப் போட்டியில் செய்திருக்கிறார்கள். 2016 ஆகஸ்ட் 14 இறுதிப் போட்டியில் தீபா இறங்கியபோது இடுப்பு மெத்தையைத் தொடுமளவு தாழ்ந்தது. ஆனாலும் எழுந்து நின்றார். அந்தப் பாய்ச்சலுக்கு 15.266. இரண்டு பாய்ச்சலின் சராசரி 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216. இடைவெளி 0.150, நான்காம் இடம்.

அந்த ஆண்டே தீபாவுக்குக் கேல் ரத்னாவும் பிஸ்வேஸ்வர் நந்திக்குத் துரோணாச்சாரியா விருதும் கிடைத்தன. பிறகு முழங்கால் காயம், அறுவை சிகிச்சை, 2018-ல் துருக்கியின் மெர்சின் நகரில் உலக சேலஞ்ச் கோப்பைத் தங்கம், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 21 மாதத் தடை. தடை முடிந்து திரும்பியவர் 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய வால்ட் சாம்பியன் ஆனார். இந்தியர் யாரும் அதற்குமுன் அந்தத் தங்கத்தைத் தொட்டதில்லை. அப்போது அவருக்கு வயது முப்பது. சிறுமியாக ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்து, முப்பது வயதிலும் அவரிடமே பயிற்சி எடுப்பது இந்த விளையாட்டில் அபூர்வம். பெண்கள் 16 வயதில்தான் சீனியர் பிரிவில் ஆட முடியும் என்பதால், ஆறு வயதில் சேரும் குழந்தைக்குக் குறைந்தது பத்து ஆண்டு உடனிருக்கும் ஆசிரியர் தேவை. வந்து வந்து மாறும் பயிற்சியாளர்களால் அது நடக்காது.

2024 அக்டோபரில் தீபா ஓய்வு அறிவித்தார். 25 ஆண்டு பயிற்சி தந்ததற்காக நந்திக்கும் சோமாவுக்கும் நன்றி சொன்ன அந்த அறிவிப்பில், தன்னைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு வழிகாட்டவோ பயிற்சி தரவோ முன்வரக்கூடும் என்றும் குறிப்பிட்டிருந்தார்.