கிழியாமல் இருக்கத் தைத்த கால்சட்டை: ஜீன்ஸ் வந்த வழியும் அதற்குக் கொடுத்த விலையும்

பெருநாளைக்குச் சில நாட்களே இருந்த ஒரு மாலை. ஜவுளிக்கடையில் நமக்குத் தெரிந்த ஒருவர் தம் மகனோடு நின்றிருந்தார். மகன் கையில் முழங்கால் இரண்டும் கிழிந்த ஒரு ஜீன்ஸ். நம்மைக் கண்டதும் தந்தை, "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்க. கிழியாதது ஆயிரத்து இருநூறு, கிழிஞ்சது ஆயிரத்து எண்ணூறு. எங்க வாப்பா கிழிஞ்ச கைலியத் தச்சுத் தச்சுக் கட்டினாங்க. இவன் காசு கொடுத்துக் கிழிசல் வாங்கச் சொல்றான்" என்றார். "இதுதான் வாப்பா ஃபேஷன்" என்றான் மகன், தலையைக் குனிந்தபடியே.

இப்படி ஒரு பேச்சு நடக்காத வீடு நம்மில் குறைவு. பெரியவர்கள் "இது வெள்ளைக்காரன் உடை" என்கிறார்கள். பிள்ளைகள் "இது இந்தக் காலத்து உடை" என்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். அணியலாமா, எப்படி அணிய வேண்டும் என்ற மார்க்கச் சட்டத்தை ஆலிம்கள் பல இடங்களில் விளக்கியிருக்கிறார்கள். அதை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் பரவிய இந்த உடை எங்கிருந்து வந்தது, யாருக்காகத் தைக்கப்பட்டது, இன்று அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் பார்ப்போம்.

பெயர்களில் இருக்கும் ஊர்கள்

'ஜீன்ஸ்' என்ற சொல் இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவின் பெயரிலிருந்து வந்தது. அந்நகரைப் பிரெஞ்சு மொழியில் 'ஜேன்' என்பார்கள். 'டெனிம்' என்ற துணிப் பெயர் பிரான்ஸின் நீம் நகரத்தோடு தொடர்புடையது என்பது பொதுவான விளக்கம்.

மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு: 'டங்கரீஸ்'. கப்பல் மாலுமிகளும் தொழிலாளர்களும் அணிந்த முரட்டுத் துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் இது. இது மும்பையின் டோங்ரி பகுதியிலிருந்து போன சொல். அங்கே விற்ற முரட்டுப் பருத்தித் துணி ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி, ஊர்ப் பெயரையும் உடன் கொண்டுபோனது. ஆக, இதை முழுக்க வெள்ளைக்காரன் உடை என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ரீனோ நகரத்துத் தையல்காரர்

தங்கம் தேடி ஓடியவர்களுக்காக 1849இல் ஜீன்ஸ் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. லீவை ஸ்ட்ராஸ் ஜெர்மனியின் பவேரியாவில் 1829இல் பிறந்த ஒரு யூத வணிகர். 1853இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து துணி மொத்த வியாபாரம் செய்தார். ஜீன்ஸை முதலில் தைத்தவர் அவரல்லர்.

தைத்தவர் ஜேக்கப் டேவிஸ். ரீகா நகரில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் கூடாரம், குதிரைப் போர்வை போன்றவற்றைத் தைத்து வந்தார். மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மனைவி அவரிடம் வந்து, தன் கணவருக்குச் சீக்கிரம் கிழியாத கால்சட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டார். சட்டைப்பையின் ஓரங்களில்தான் முதலில் கிழிகிறது என்று டேவிஸுக்குத் தெரியும். குதிரைப் போர்வையில் வார்களைப் பொருத்த வைத்திருந்த செம்பு ரிவெட்டுகளை எடுத்து அந்த ஓரங்களில் அடித்தார். கால்சட்டை கிழியவில்லை. கேட்டு வருபவர்கள் பெருகினார்கள்.

காப்புரிமைக்குக் கட்டப் பணம் போதாததால், தமக்குத் துணி கொடுத்து வந்த லீவை ஸ்ட்ராஸுக்கு 1872இல் டேவிஸ் கடிதம் எழுதினார். இருவர் பெயரிலும் 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. அந்தக் காப்புரிமை கால்சட்டைக்கோ துணிக்கோ நிறத்துக்கோ அல்ல, பையின் ஓரம் கிழியாமல் ரிவெட் அடிக்கும் முறைக்கு. கிழியாமல் இருப்பதே இந்த உடை பிறந்த காரணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

நீலத்தின் கதை

டெனிம் துணியில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளுப்பாகவும் இருக்கிறது. அவுரிச் சாயம் நூலின் மேற்பரப்பில் படியுமே தவிர நடுவரை ஊறாது. உரச உரச மேல் நீலம் உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். ஜீன்ஸ் வெளுப்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

அவுரி நீலத்துக்கு ஆங்கிலத்தில் 'இண்டிகோ' என்று பெயர். 'இந்தியாவிலிருந்து வந்தது' என்பதே அதன் பொருள். வடமொழியின் 'நீல' அரபியில் 'அந்நீல்' ஆகி, போர்ச்சுகீசியத்தில் 'அனில்' ஆகி, வேதியியலில் 'அனிலின்' என்று நிலைத்தது. அரபு வணிகர்கள் நடந்த பாதை அந்தச் சொல்லில் இன்னும் தெரிகிறது.

ஆனால் இந்த நீலத்துக்குள் கண்ணீரும் உண்டு. வங்காளத்தில் தோட்ட முதலாளிகள் விவசாயிகளை நெல்லுக்குப் பதில் அவுரி பயிரிட வற்புறுத்தினார்கள். 1859இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். பீகாரின் சம்பாரணில், இருபதில் மூன்று பங்கு நிலத்தில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்ற முறை இருந்தது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. இயற்கை அவுரியின் விலை சரிந்தது. அந்த நட்டத்தையும் முதலாளிகள் கூடுதல் குத்தகையாக விவசாயிகள் தலையிலேயே கட்டினார்கள். அவர்களுடைய துயரத்தைக் கான்பூரின் 'பிரதாப்' இதழில் தொடர்ந்து எழுதியவர் பீர் முஹம்மத் மூனிஸ். 1917இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்ற பின்னணி இதுதான். நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகக் கடந்துபோகும் சம்பாரணுக்கும், பிள்ளைகள் கேட்கும் ஜீன்ஸின் நிறத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

வேலை உடை நாகரிக உடை ஆனது

முதல் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுரங்கத் தொழிலாளி, ரயில்வே தொழிலாளி, மாடு மேய்ப்பவர் ஆகியோரின் உடையாகவே ஜீன்ஸ் இருந்தது. கடையில் 'ஓவரால்ஸ்' என்றுதான் கேட்பார்கள். 1930களில் கௌபாய் திரைப்படங்கள் அதற்கு வீரக் களை கொடுத்தன. பெண்களுக்கென்று லீவைஸ் நிறுவனம் தனியாக ஜீன்ஸ் தைத்தது 1934இல்.

1953இல் மார்லன் பிராண்டோவும் 1955இல் ஜேம்ஸ் டீனும் திரையில் ஜீன்ஸ் அணிந்து, பெற்றோருக்கும் சமூகத்துக்கும் அடங்காத இளைஞர்களாக வந்தார்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் பல ஜீன்ஸுக்குத் தடை போட்டன. ஆக, "இந்த உடை என் பிள்ளையைக் கெடுத்துவிடும்" என்று முதலில் பயந்தவர்கள் அமெரிக்கப் பெற்றோர்கள்தாம். 1970களின் முடிவில் பெரிய வடிவமைப்பாளர்கள் தங்கள் பெயரை அதன் பின்பையில் தைத்து, கூலித் தொழிலாளியின் உடையைப் பணக்காரர்களுக்கு விற்றார்கள்.

உடன் வந்த டி-சர்ட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1913இல் அமெரிக்கக் கடற்படை வீரர்களுக்குச் சீருடைக்குள் அணியக் கொடுத்த உள்பனியன் அது. போருக்குப் பின் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

பழசாக்கும் வேலை

ஒரு ஜீன்ஸ் முன்பெல்லாம் பல ஆண்டு உழைப்பில் வெளுத்தது. இப்போது கடைக்கு வரும்போதே வெளுத்திருக்க வேண்டும். இந்தப் பழமையைத் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் உண்டாக்குகிறார். அதற்கான வழிகளில் ஒன்று, அழுத்தக் காற்றோடு மணலைத் துணியின்மீது பீய்ச்சுவது. மணலில் உள்ள சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் நோய் வரும். அதைக் குணமாக்கும் மருந்து இல்லை.

துருக்கியில் காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள். வேலை செய்த அறையிலேயே உறங்கியவர்களும் உண்டு. சுரங்கத் தொழிலாளருக்கு முதுமையை நெருங்கும்போது வரும் நோய், இவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே வந்தது. இருபது வயதுகளில் இறந்தார்கள். 2009இல் துருக்கி அரசு இந்த முறையைத் தடை செய்தது. 2010இல் லீவைஸ், எச் அண்ட் எம் நிறுவனங்களும் கைவிடுவதாக அறிவித்தன. பிறகு வேறு நாடுகளில் இந்த வேலை தொடர்ந்தது. இப்போது பல இடங்களில் லேசர் கருவி வந்திருக்கிறது.

தையலின் விலையும் இப்படித்தான். வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடச் சுவரில் விரிசல் கண்டதும் கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்த நாள் 2013 ஏப்ரல் 24. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

வெளிநாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. உலகுக்கு டி-சர்ட் அனுப்பும் திருப்பூரில் சாயக்கழிவு நொய்யல் ஆற்றையும் கரையோர நிலங்களையும் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நிலம் கெட்ட விவசாயியும் நம் மக்கள், வேலை இழந்த சாயத் தொழிலாளியும் நம் மக்கள்.

கடையில் நிற்கும்போது

இவ்வளவையும் சொன்னது, பிள்ளைகள் ஜீன்ஸ் கேட்டால் திட்டி அனுப்புவதற்காக அல்ல. உறுதியான துணியில் உழைப்பாளிக்காகப் பிறந்த உடை அது. அதில் குற்றமில்லை. ஆனால் வாங்கும் முன் பிள்ளையோடு சேர்ந்து சிலவற்றைப் பார்க்கலாம்.

தையல் இரட்டையாக இருக்கிறதா, துணி கனமாக இருக்கிறதா? வெளுப்பும் கிழிசலும் இல்லாத அடர்நீலத் துணி கிடைக்கிறதா? அதை வாங்கினால் பழசாக்கும் வேலையை யாரும் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது? தேவைக்கு மேல் வாங்கி அலமாரியில் அடுக்குவதும் வீண் விரயம்தானே.

அன்று கடையில் அந்தப் பையனிடம், செம்பு ரிவெட்டை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். "இது எதுக்குன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டோம். "அழகுக்கு" என்றான். மரம் வெட்டியின் மனைவி கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் ரிவெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப இது கிழியாம இருக்கத்தானா?" என்று சிரித்தான்.

கிழியாததையே வாங்கினார்கள். மிச்சமான அறுநூறு ரூபாயை என்ன செய்வது என்று வாப்பாவும் மகனும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள்.