கொல்கத்தா கால்வாய்கள்

கொல்கத்தாவை ஹூக்ளி ஆற்றோடும் சுந்தரவனத்தோடும் கிழக்கு வங்கத்தோடும் இணைத்த நீர்வழிகள். கங்கையின் பழைய ஓட்டமான ஆதிகங்கை தூர்ந்துபோனதால், மேஜர் வில்லியம் டாலி 1775-77இல் அதைத் தூர்வாரி, கரியா வழியாக வித்யாதரி ஆறுவரை நீட்டினார். டாலி நாலா என்ற இதன் கரையில்தான் காளிகாட் கோயில் உள்ளது. டாலிகஞ்ச் பகுதியின் பெயரும் அவரால் வந்ததே. பின்னர் பேலியாகாட்டா, சர்க்குலர், நியூ கட், கேஷ்டோபூர் கால்வாய்கள் வெட்டப்பட்டன. சித்பூர் மதகு சர்க்குலர் கால்வாயை ஹூக்ளியுடன் இணைத்தது.

நெல், வைக்கோல், விறகு, தேன் ஆகியவை நாட்டுப்படகுகளில் வந்தன. படகோட்டிகளான மாஜிகள் வளைந்த மூங்கில் கூரையின் கீழ் உறங்கினர். மண்ணடுப்பில் சோறும் மீன்குழம்பும் சமைத்தனர். கடலேற்றத்தின்போது நீரோட்டத்தோடு உள்ளே வந்து, வற்றத்தில் திரும்பினர். ஆழமற்ற இடங்களில் நீண்ட கழியை ஊன்றித் தள்ளினர்.

ரயிலும் சாலையும் வந்ததாலும், வண்டல் படிந்ததாலும், கழிவுநீர் கலந்ததாலும் போக்குவரத்து நலிந்தது. டாலி நாலாவுக்குள்ளேயே தூண்கள் நிறுத்தி அமைத்த மெட்ரோ பாதை 2009இல் திறக்கப்பட்டது. இன்று இக்கால்வாய்கள் பெரும்பாலும் நகரின் வடிகால்களாகவே பயன்படுகின்றன.