போறணைத் தணலும் இலண்டன் மாநகரும்

1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இலண்டன் மாநகரிலே, புடிங் ஒழுங்கையில், தோமஸ் பரினர் என்பாரின் பாண் போறணை இருந்தது. கடற்படைக்கு விசுக்கோத்துச் சுட்டு வழங்கியவர் அவர். பின்னிரவு ஒரு மணியளவில் அவர் வீட்டிலே தீ மூண்டது. வீட்டார் மேல்மாடிச் சாளரத்தின் வழியே அயல்வீட்டிற்குத் தப்பினர். அவ்வாறு செல்ல அஞ்சிய பணிப்பெண் மாண்டாள்.

அக்கால வீடுகளோ மரத்தால் அமைந்தவை. ஒன்றோடொன்று நெருங்கி நின்றவை. கோடை வறட்சியும் கீழ்க்காற்றும் துணைசேர, நான்கு நாட்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளும், 87 தேவாலயங்களும், புனித பவுல் பேராலயமும் எரிந்தழிந்தன.

உறங்குமுன் அறைதோறும் சென்று பார்த்ததாகவும், ஓர் அடுப்பிலிருந்த தணலையும் கிளறி ஒதுக்கியதாகவும் பரினர் சாதித்தார். மக்களும் அடுப்பை நோக்கினாரல்லர், அந்நியரையே நோக்கினர். அப்போது இங்கிலாந்து ஒல்லாந்தோடும் பிரான்சோடும் போர் புரிந்துகொண்டிருந்தது. ஆதலின் அந்நாட்டவர் தெருக்களிலே தாக்கப்பட்டனர். றொபேட் ஹூபேட் என்னும் பிரெஞ்சுக்காரன் தானே தீயிட்டதாகக் கூறினான். அவன் மனநிலைபற்றி நீதிபதிகளுக்கே ஐயமிருந்தது. ஆயினும் பரினர் குடும்பத்தினர் ஒப்பமிட்ட குற்றப்பத்திரத்தின்மீது விசாரிக்கப்பட்டு, ஒக்டோபர் மாதத்திலே தூக்கிலிடப்பட்டான். தீ மூண்டு இரண்டு நாட்களின் பின்னரே அவன் இலண்டனை அடைந்தான் என்பது, அவன் வந்த கப்பலின் தலைவன் சாட்சியத்தாற் பிற்பாடு வெளியாயிற்று.

பழி அத்துடன் ஓயவில்லை. தீயின் நினைவாக எழுந்த தூணிலே, கத்தோலிக்கரைக் குற்றஞ்சாட்டும் வாசகம் 1681இல் பொறிக்கப்பட்டது. அது முற்றாக நீக்கப்பட்டது 1830இலேதான். தீ தொடங்கிய இடம் பரினரின் கடையே என்று கூறும் பலகையொன்றைப் பாண் வெதுப்புவோர் சங்கத்தினரே 1986இல் புடிங் ஒழுங்கையில் அமைத்தனர்.

வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைதல் வேண்டுமென 1667ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சுவரைச் சட்டம் காக்கலாம். அடுப்பைக் காக்கவேண்டியவர் வீட்டாரே. விறகடுப்பாயின் தணலை நீர் தெளித்து அவித்தலும், விறகை அடுப்பங்கரையினின்று அகற்றுதலும், வாயு அடுப்பாயின் உருளையின் வாயிலை மூடுதலும் ஒரு நிமிட வேலை. கடன், நெருப்பு, பகை ஆகிய மூன்றிலும் மிச்சம் வைத்தலாகாது என்பர் நம் முன்னோர். இலண்டன் மாநகரிலே நெருப்பின் மிச்சம் ஊரை எரித்தது. பகையின் மிச்சம் குற்றமற்ற ஒருவனின் உயிரைக் குடித்தது.