சிகரெட் ட்ரேயும் பீடிச் சுளகும்

சிகரெட் பாக்கெட்டைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. பிடிக்காதவர்கள்கூட பெட்டிக்கடையில் கலர் கலராக அடுக்கி வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. சிகரெட் செய்யும் மெஷின் ஒன்று, அதைப் பாக்கெட்டில் அடைக்கும் மெஷின் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் அந்த சிகரெட் எதில் இருக்கிறது?

கேட்கும்போது சின்னக் கேள்விதான். அதன் பின்னால் நூற்று நாற்பது வருடக் கதை இருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ரோடியர் மில் என்று ஊரே கூப்பிட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலை (1898 இல் தொடங்கி 2020 இல் மூடப்பட்டது) போன்ற ஒரு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நூற்பு மில்லில் ஒரு மெஷினில் இருந்து வரும் பஞ்சுத்திரி நேராக அடுத்த மெஷினுக்குள் போகாது. உயரமான ஒரு உருளைக் கேனில் சுருள் சுருளாக விழும். கேன் நிறைந்ததும் அதைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த மெஷின் பக்கத்தில் வைப்பார்கள். முதல் மெஷின் நின்றாலும் கேனில் இருப்பதை வைத்து இரண்டாவது மெஷின் ஓடும். இரண்டாவது நின்றாலும் முதலாவது ஓடும். பஞ்சாலைக்குக் கேன் என்றால் சிகரெட் ஆலைக்கு ட்ரே.

ஆரம்பத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. சிகரெட்டைக் கையால்தான் உருட்டினார்கள். நல்ல கைப்பழக்கம் உள்ள ஒருவர் நிமிடத்துக்கு நான்கு சிகரெட் உருட்டலாம். உருட்டியதைத் தன் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் அடுக்கிக்கொள்வார். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் கூலி.

அமெரிக்காவில் 1881 இல் ஜேம்ஸ் போன்சாக் என்ற இளைஞர் சிகரெட் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு அப்போது 22 வயதுகூட ஆகவில்லை (கல்லூரியில் படிக்கிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்!). சுற்றிய காகிதத்துக்குள் புகையிலை நிரம்பி, நீளமான ஒரே குழாயாக ஓடி வரும். கத்தி அதைத் துண்டு துண்டாக வெட்டும். பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட், அதாவது நிமிடத்துக்கு 200. ஐம்பது பேருடைய கை வேலையை ஒரு மெஷின் செய்தது. ரிச்மண்ட் நகரத்தின் ஆலன் அண்ட் கின்டர் கம்பெனி அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. வட கரோலினாவின் ஜேம்ஸ் டியூக் அதை வாடகைக்கு எடுத்து, கொஞ்ச வருடத்தில் அமெரிக்க சிகரெட் சந்தையையே கைக்குள் கொண்டு வந்தார்.

மேலாண்மைப் பாடப் புத்தகங்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடும். ஆனால் தொழிற்சாலைக்குள் புதுத் தலைவலி அப்போதுதான் ஆரம்பமானது. நிமிடத்துக்கு 200 விழுந்தால் அதை யார் பிடிப்பது? மெஷினின் வாயில் ஆள் நின்று, வரும் சிகரெட்டை வாரி எடுத்து, சொத்தையைத் தள்ளி, மீதியை ஒரே திசையில் அடுக்க வேண்டும். இப்படி அடுக்க வந்த பாத்திரம்தான் ட்ரே.

பார்ப்பதற்கு ரொம்ப சாதாரணமான பொருள். ஒரு சின்ன மேஜை டிராயரை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். அடிப்பலகை, முதுகுப்பலகை, இரண்டு பக்கப்பலகைகள். மேலே திறந்திருக்கும், முன்பக்கமும் திறந்திருக்கும். அதற்குள் சிகரெட்டுகள் படுத்த வாக்கில் அடுக்கடுக்காக ஏறும். முன்னால் நின்று பார்த்தால் ஆயிரக்கணக்கான சின்ன வட்டங்கள் மட்டும் தெரியும், தேன்கூடு மாதிரி. முன்பக்கத்தைத் திறந்து விட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு சிகரெட் குறுக்கே கிடந்தாலோ நுனியில் புகையிலை உதிர்ந்திருந்தாலோ பார்த்த உடனே தெரிந்துவிடும். முதலில் மரத்தில் செய்தார்கள். பிறகு அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தன.

நிறைந்த ட்ரேக்களை டிராலியில் அடுக்கிப் பாக்கிங் மெஷினுக்குத் தள்ளுவார்கள். அங்கே ட்ரேயைக் கவிழ்த்தால் சிகரெட் எல்லாம் தொட்டிக்குள் சரிந்து இறங்கும். கீழே 7, 6, 7 என்று மூன்று வரிசையாகப் பிரிந்து இருபது இருபதாகப் பாக்கெட்டுக்குள் போகும். கையால் தொட வேண்டிய அவசியம் இல்லை. புவியீர்ப்பு விசைக்குச் சம்பளமும் கிடையாது, போனஸும் கிடையாது!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ட்ரேயில் சுமார் 4,000 சிகரெட் என்று வைத்துக்கொள்வோம். போன்சாக் மெஷின் அதை நிரப்ப 20 நிமிடம் ஆகும். ட்ரே மாற்றுகிறவர் நடுவில் டீ குடித்துவிட்டே வரலாம். லண்டன் மோலின்ஸ் கம்பெனியின் மார்க் 8 மெஷின் நிமிடத்துக்கு சுமார் 2,000 செய்தது. அப்படியானால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ட்ரே. பிறகு ஜெர்மனியின் ஹவுனி கம்பெனி 8,000 செய்யும் மெஷினைக் கொண்டு வந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு ட்ரே. இன்று 20,000 செய்யும் மெஷின்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு ஐந்து ட்ரே! மனிதனால் அதைத் தூக்கி மாற்ற முடியாது.

அதனால் 1970களில் ட்ரேயே வேண்டாம் என்ற யோசனை வலுத்தது. செய்யும் மெஷினையும் அடைக்கும் மெஷினையும் பெல்ட்டால் இணைத்துவிட்டார்கள். சிகரெட்டுகள் ஒரு கையளவு தடிமனுக்கு ஆறு போல ஓடும். நடுவில் ஒரு பெரிய தேக்கம் இருக்கும். பாக்கிங் மெஷின் நின்றால் தேக்கம் நிறையும், செய்யும் மெஷின் நின்றால் தேக்கம் வடியும். ஏரியும் மதகும் மாதிரிதான்.

இதில் காமர்ஸ் மாணவர்களுக்கு மட்டும் ஒரு வேடிக்கை. சரக்குக் கணக்கில் எல்லோரும் உருப்போடும் FIFO, LIFO இந்த மெஷினுக்குள் நிஜமாகவே நடக்கிறது. முன்னும் பின்னும் ஓடும் பெல்ட் தேக்கத்தில் கடைசியாக உள்ளே போனதுதான் முதலில் வெளியே வரும். அப்போது அடியில் சிக்கிய சிகரெட் காத்துக் காத்துக் காய்ந்துவிடும். காய்ந்தால் நுனியிலிருந்து புகையிலை உதிரும். அதனால் முதலில் போனதே முதலில் வருகிற மாதிரியான தேக்கங்களையும் செய்ய வேண்டி வந்தது. பரீட்சைத் தாளில் லாபத்தை மட்டும் மாற்றும் முறை, இங்கே சரக்கையே கெடுத்துவிடுகிறது.

இந்தியாவுக்கு வருவோம். இன்று ஐ.டி.சி. என்று அழைக்கப்படும் கம்பெனி 1910 இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாகோ கம்பெனி ஆஃப் இந்தியா என்ற பெயரில் பதிவானது. பீகாரில் முங்கேரிலும் பிறகு பெங்களூரிலும் சிகரெட் ஆலைகள் எழுந்தன. சிகரெட்டை அடைக்கும் அட்டையைத் தானே அச்சடித்துக்கொள்வதற்காக அந்தக் கம்பெனி 1925 இல் தனிப் பிரிவு தொடங்கியது. சென்னையின் திருவொற்றியூரில் அதன் ஆலை இருக்கிறது. ஐதராபாத்தில் வசீர் சுல்தான் டொபாகோ கம்பெனி சார்மினார் சிகரெட்டைச் செய்தது.

சிகரெட் எங்கே இருக்கிறது என்பது அரசாங்கத்துக்கும் முக்கியம். கலால் வரி என்பது உற்பத்தி மீதான வரி. ஆனால் வசூலிப்பது சரக்கு ஆலையை விட்டு வெளியே போகும்போது. நடுவில் ஆலைக்குள் நிற்கும் சரக்குக்கு என்ன விதி? 1978 மார்ச் 1 முதல் மத்திய அரசு சிறப்புக் கலால் வரி என்று புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தது. வசீர் சுல்தான் கம்பெனியிடம் அதற்கு முந்தைய நாளே செய்து முடித்த சிகரெட்டுகள் இருந்தன. வெளியே போனது மார்ச் 1க்குப் பிறகு. வரி உண்டா இல்லையா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 இல் தீர்ப்பு வந்தது. செய்யும்போது இல்லாத வரியை வெளியே போகும்போது கேட்க முடியாது என்று கம்பெனி பக்கம் தீர்ந்தது. கிடங்கில் சும்மா கிடந்த சிகரெட்டுக்குப் பதினெட்டு வருட வழக்கு!

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை புகையிலைத் தொழில் என்றால் அது முதலில் பீடிதான். திருநெல்வேலி பக்கம் மேலப்பாளையம், முக்கூடல், வடக்கே வேலூர், குடியாத்தம். இங்கே ட்ரே கிடையாது. இருப்பது சுளகு. அரிசி புடைக்கும் அதே சுளகுதான் (வட தமிழ்நாட்டில் முறம் என்பார்கள்). பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மடியில் சுளகை வைத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் வெட்டிய இலை, நடுவில் சுற்றி முடித்த பீடி. இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நுனியை மடக்கி, நூலைக் கட்ட வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஒருவருக்கு அநேகமாக ஒரு முழு நாள் வேலை.

மேலே பார்த்த 4,000 சிகரெட் ட்ரேயை நினைத்துப் பாருங்கள். மெஷின் அதை அரை நிமிடத்தில் நிரப்புகிறது. அதே எண்ணிக்கையில் பீடி சுற்ற ஒரு பெண்ணுக்கு நாலு நாள்.

சாயங்காலம் கட்டுகளைக் கூடையிலோ பையிலோ போட்டு பீடிக் கடைக்குக் கொண்டு போக வேண்டும். கடைக்காரர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். நுனி சரியில்லை, தூள் குறைவு, இலை கிழிசல் என்று கழிப்பார். சிகரெட் ஆலையில் சொத்தை சிகரெட்டைக் கிழித்துப் புகையிலையை மறுபடி எடுத்துக்கொள்வார்கள். நஷ்டம் கம்பெனிக்கு, அதுவும் கொஞ்சம்தான். பீடியில் கழிவுக்குக் கூலி கிடையாது. கழித்த பீடியும் பல இடங்களில் கடைக்காரரிடமே தங்கிவிடும். இலை கெட்டதாக வந்திருந்தாலும் பழி சுற்றியவர் மேல்தான். பற்றாக்குறை இலைக்குக் கைக்காசைப் போட்டு வாங்குவதும் உண்டு.

அந்தப் பெண் யாருடைய தொழிலாளி? கம்பெனி கேட்டால், "எங்களுக்குத் தெரியாது, காண்டிராக்டர்தான் ஆள் வைக்கிறார்" என்று சொல்லும். சென்னை மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கில் (டி.சி. திவான் மொகிதீன் சாகிப் அண்ட் சன்ஸ்) 1964 இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சாக்கை ஏற்கவில்லை. இலையும் தூளும் கம்பெனியுடையது, முடிந்த பீடி போவதும் கம்பெனிக்கு, நடுவில் நிற்கும் காண்டிராக்டர் கம்பெனியின் ஆள் மாதிரிதான், சுற்றுகிறவர்கள் கம்பெனியின் தொழிலாளர்களே என்று சொல்லிவிட்டது. சரக்கு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பின்தொடர்ந்து போய்த்தான் நீதிமன்றம் அந்த முடிவுக்கு வந்தது.

1966 இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுகிறவர்களும் அதில் அடங்கினார்கள். கழிவு பற்றிய தகராறைத் தீர்க்கவும் அதில் வழி வைத்தார்கள். அதன் கீழ் மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் செய்த விதிகளில், சாதாரணமாக நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கழிக்கக் கூடாது என்றிருந்தது. ஆயிரம் பீடிக்கு ஐம்பது, அதாவது இரண்டு கட்டு. முதலாளிகள் இந்தச் சட்டத்தையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் 1974 இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

ஆனால் அதற்குள் ஒரு பெரிய காரியம் நடந்திருந்தது. புதுச்சேரியின் நான்கு பகுதிகளில் ஒன்றான மாஹேக்குப் பக்கத்தில்தான் கண்ணூர் மாவட்டம். கேரளாவில் சட்டத்தை அமல் செய்ததும், அங்கே பீடி சுற்ற வைத்த மங்களூர் கம்பெனி 1968 இல் கடையைக் கட்டியது. சுமார் 12,000 பேருக்கு வேலை போனது. அவர்களுக்காக 1969 இல் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் உருவானது. அங்கே சுற்றுகிறவர்களே பங்குதாரர்கள். 1980களில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வேலை செய்தார்கள். பெரிய கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். ஒருவர் மட்டும் எல்லோருக்கும் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். (கியூபாவின் சுருட்டு ஆலைகளிலும் இந்த வழக்கம் உண்டு. மோலின்ஸ் குடும்பம் தொழில் ஆரம்பித்ததும் அதே கியூபாவின் ஹவானாவில்தான், 1874 இல்.)

பீடி விற்பனை குறையக் குறைய தினேஷ் சங்கம் குடை, துணி, மசாலா என்று வேறு தொழில்களுக்குப் போய்விட்டது. சிகரெட் ஆலைகளில் பெல்ட் வந்த பிறகும் ட்ரே முழுவதும் ஒழிந்துவிடவில்லை. மெஷின் கோளாறானால் எடுத்து வைக்க, வேறு ஹாலுக்குக் கொண்டு போக இன்னும் உதவுகிறது. திருநெல்வேலி பக்கம் சுளகு இன்றும் மடியில்தான் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் கட்டுகளை எடுத்துக்கொண்டு பீடிக் கடைக்கு நடக்கிறார்கள். அங்கே இரண்டு கட்டா, மூன்று கட்டா என்ற பேச்சு இன்னும் நடக்கிறது.