திரு. வி. கலியாணசுந்தரனார்

திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார் (26 ஆகஸ்ட் 1883 – 17 செப்டம்பர் 1953) தமிழாசிரியர், இதழாசிரியர், மேடைப் பேச்சாளர், தொழிற்சங்கத் தலைவர், விடுதலைப் போராட்ட வீரர், சைவ அறிஞர். திரு.வி.க. என்ற சுருக்கப் பெயராலேயே பெரிதும் அறியப்படுபவர். 'தமிழ்த் தென்றல்' என்பது மக்கள் வழங்கிய பட்டம். வகுப்பறையில் தமிழ் சொல்லிக்கொடுத்த அதே நாவும் கையும்தான் பின்னாளில் பத்திரிகைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் ஆலைத் தொழிலாளர் நடுவுக்கும் போயின. அவருடைய பொதுவாழ்வைப் புரிந்துகொள்ள இந்தத் தொடர்ச்சியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி – குன்றத்தூர் வட்டாரத்தை ஒட்டிய துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று தண்டலம் எனப்படுகிறது. தந்தை விருத்தாசல முதலியார், தாய் சின்னம்மாள். குடும்பத்தின் பூர்வீகம் திருவாரூர். முதலெழுத்து தந்தையிடம் கற்றது. பின்னர் குடும்பம் இராயப்பேட்டைக்குப் பெயர்ந்தது. வெஸ்லி பள்ளியில் படிப்பு தொடர்ந்தது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கு அருகே பிறந்தவர் பெரியபுராணத்துக்குக் குறிப்புரை எழுதிப் பதிப்பித்தது ஓர் இனிய பொருத்தம்.

வெஸ்லி பள்ளியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை. வள்ளலார் பாடல்களை முன்னிட்டு எழுந்த அருட்பா – மருட்பா பூசலில் அவற்றை அருட்பா அல்ல என்று மறுத்த மருட்பா அணியின் முன்னணியில் கதிரைவேற்பிள்ளை நின்றார். வழக்கு நீதிமன்றம் ஏறியபோது ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போன மாணவர் தேர்வைத் தவறவிட்டார். பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. பட்டம் எதுவும் இல்லாமலேயே தமிழறிஞராக மதிக்கப்பட்டவர் அவர். கதிரைவேற்பிள்ளை மறைந்தபின் மயிலை தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவ நூல்களும் பயின்றார். ஆசிரியர் வரலாற்றை எழுதியதே அவருடைய தொடக்ககால நூல்களுள் ஒன்று. வள்ளலாரைச் சாடிய அணியில் இளமையைத் தொடங்கியவர், பிற்காலத்தில் சமய வேறுபாடு கடந்த பொதுமையைப் போற்றி, வள்ளலாருக்கு மிக நெருங்கி வந்துவிட்டார்.

ஸ்பென்சர் நிறுவனத்தில் சிலகாலம் கணக்கு வேலை பார்த்தார். சுதேசி உணர்ச்சி அங்கே நிலைக்கவிடவில்லை. அதன்பின் வெஸ்லியன் பள்ளியிலும் வெஸ்லி கல்லூரியிலும் தமிழாசிரியர். 1917 டிசம்பரில் 'தேசபக்தன்' நாளிதழ் தொடங்கியபோது வேலையை உதறிவிட்டு அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

அந்நாளைய அரசியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. காங்கிரஸ் மேடையில் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் முழங்க, கூட்டம் கைதட்டும் இடம் பார்த்துக் கைதட்டும். தமிழ்ப் பத்திரிகைகளின் நடையும் வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் மண்டியதாகவே இருந்தது. திரு.வி.க. தலையங்கத்தை நல்ல தமிழில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினார். கேள்வி கேட்பார், தாமே விடை சொல்வார், ஒரு கருத்தை மூன்று விதமாகத் திருப்பிச் சொல்வார். அச்சில் படிக்கும்போது சில இடங்களில் இது சலிப்புத் தட்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்தறியாத பத்துப் பேருக்கு ஒருவர் உரக்கப் படித்துக்காட்டினால் கேட்பவர்க்கு ஒரு சொல்லும் நழுவாது. அந்தக் காலத்துச் செய்தித்தாள் பலரைச் சென்றடைந்தது அப்படித்தான்.

'தேசபக்தன்' பொறுப்பு 1920இல் வ.வே.சு. ஐயரிடம் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் 'நவசக்தி' வார இதழைத் திரு.வி.க. தொடங்கி ஏறக்குறைய இருபதாண்டு நடத்தினார். பிற்காலத்தில் கல்கி என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி பத்திரிகைத் தொழில் பழகியது இங்கேதான். வைக்கம் போராட்டத்தில் சிறைசென்ற ஈ.வெ. ராமசாமியை 'வைக்கம் வீரர்' என்று எழுதியதும் நவசக்திதான்.

அவர் பணிகளுள் காலத்தால் நிற்பது தொழிற்சங்கம். பெரம்பூர் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பின்னி நிறுவனத்துக்கு உரியவை. 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே நெசவாலையில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையை அனுமதித்தது. மதிய இடைவேளையோ ஒரு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் வெளியே போய்ச் சாப்பிட்டு, சங்கு ஊதுமுன் திரும்ப வேண்டும்; சற்றே பிந்தினாலும் வாசல் அடைபடும், கூலி போகும். இந்தக் குறைகளையெல்லாம் தொழிலாளர்கள் கொட்டித் தீர்த்த இடம் செல்வபதி செட்டியாரின் துணிக்கடை. செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையை நடத்திவந்தனர். 1918 மார்ச்சில் அந்தச் சபையின் சார்பில் தொழிலாளரைக் கூட்டித் திரு.வி.க.வைப் பேசவைத்தார்கள். ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்ட் அம்மையாரின் தோழர் பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் கேசவ பிள்ளையும் துணைத் தலைவர்கள். செட்டியாரும் நாயுடுவும் செயலாளர்கள். முறைப்படி அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் முதலாவதாக இது கருதப்படுகிறது. வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே பேச்சைத் தொழிலாளி மனத்தில் பதியவைக்கும் வேலை பெரிதும் திரு.வி.க. மேல் விழுந்தது. பக்திச் சபையின் கூட்டத்துக்குப் புராணமும் தேவாரமும் கைவந்த ஒருவரே உரிமைப் பேச்சையும் பேசினார். புதிய செய்தி பழகிய குரலில் வந்தது.

பின்னி நிறுவனம் வாடியா மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சங்கம் வைப்பதே சட்டப்படி ஆபத்து என்று அந்த வழக்கு காட்டியதால்தான் பாதுகாப்புச் சட்டம் கேட்டுக் குரல் எழுந்தது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அதன் விளைவு. அந்த ஆலைகளில் 1921இல் நடந்த வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பியதும் புளியந்தோப்பில் சாதிக் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. ஆலைக்கு வெளியே இருந்த சாதிப் பிளவைச் சங்கத்தின் ஒற்றுமைப் பேச்சால் நிரப்ப முடியவில்லை என்றே சொல்லவேண்டும். ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை நாடுகடத்துவதாக எச்சரித்தார். அதைத் தடுத்தவர் எதிரணியான நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர்!

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அவர் அனுமதிக்காததால் ஈ.வெ.ரா. வெளியேறினார். தமிழக அரசியல் திசைமாறிய தருணம் அது. தலைமை நாற்காலியில் இருந்தவர் பிராமணரல்லாதார் உரிமைக்காகச் சென்னை மாகாணச் சங்கத்தை அமைத்தவர்களுள் ஒருவர் என்பது வரலாற்றின் விந்தை. நட்பு முறியவில்லை. திரு.வி.க.வும் மெல்லக் கட்சி அரசியலிலிருந்து விலகினார், தொழிலாளரிடமிருந்து விலகவில்லை. 1947 ஜூனில் ஆலைப் போராட்டத்தை ஒட்டிக் காங்கிரஸ் அரசே அவரை வீட்டுக் காவலில் வைத்தது. ஆகஸ்ட் 15 வந்தபோதும் அவர் காவலில்தான் இருந்தார். விடுதலை ஆண்டிறுதியில் கிடைத்தது.

1912இல் கமலாம்பிகையை மணந்து, அவருக்குத் தாமே தமிழ் கற்பித்தார். பிறந்த இரு குழந்தைகளும் நிலைக்கவில்லை. 1918இல் மனைவியும் மறைந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 'பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை' (1927) பெண்கல்வியையும் கைம்பெண் மறுமணத்தையும் வலியுறுத்துகிறது. தாய்மையைத் தெய்வமாக்கும் அதன் போக்கை இன்றைய பெண்கள் அப்படியே ஏற்கமாட்டார்கள். ஆயினும் அக்காலத்தில் திருமணப் பரிசாகக் கொடுக்கப்பட்ட புத்தகம் அது.

இந்த 'அல்லது' அவர் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வரும்: 'முருகன் அல்லது அழகு', 'பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும்'. சமயத்தையும் சமூகத்தையும் ஒரே பொருளின் இரு பெயர்களாகக் கண்டவரின் பழக்கம் இது. 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' பாடியவரும் இவரே. இறுதிக் காலத்தில் கண்பார்வை போனபின் பாக்களைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொண்டனர். தமது வாழ்க்கைக் குறிப்புகளை 1944இல் வெளியிட்டார். இராயப்பேட்டையையும் தொடக்ககாலத் தொழிலாளர் இயக்கத்தையும் ஆராய்வோர்க்கு இன்றும் முதல் நூல் அது.

வடசென்னையின் திரு.வி.க. நகர், அடையாற்றுப் பாலம், கிண்டித் தொழிற்பேட்டை, திருவாரூர் அரசு கலைக் கல்லூரி ஆகியவை அவர் பெயரைத் தாங்குகின்றன. 2005இல் அஞ்சல் தலை வெளியானது. நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டன. சென்னையின் மேற்குப் புறநகரைத் தொழிலாளர் நிலமாக்கிய ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அவர் காலத்துக்குப் பின், 1960களில் எழுந்தவை. அங்கே சங்கங்கள் பதிவாகத் தொடங்கியது 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்.