வில்லிங்பரோ: பேர் மாறித் திரும்பிய ஊர்

மாணவர்களே, அமெரிக்கப் புறநகர் வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டு கேட்டால், நியூ ஜெர்சி மாநிலத்தின் வில்லிங்பரோவை எழுதுங்க. 1950இல் அது ஆயிரம் பேர்கூட இல்லாத விவசாய ஊர். லெவிட் நிறுவனம் நிலத்தை வாங்கி வீடமைப்புத் திட்டம் தொடங்கியது; 1958இல் மக்கள் குடியேறினர். 1970இல் மக்கள்தொகை 43,000ஐத் தாண்டியது. எல்லாம் ஒரே அச்சு வீடுகள்னு நினைக்காதீங்க, ஒரே தெருவில் மூன்று மாதிரிகளைக் கலந்து கட்டினார்கள். 1959இல் ஊர்ப் பெயரே 'லெவிட்டவுன்' ஆனது.

ஆனால் கறுப்பினத்தவருக்கு வீடு விற்க நிறுவனம் மறுத்தது. இதை விடையில் விட்டுடாதீங்க. அரசாங்கக் கடன் காப்புறுதி பெற்ற வீடுகளில் இனப்பாகுபாடு கூடாது என்பது மாநிலச் சட்டம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960இல் நிறுவனம் தோற்றது. 1963இல் மக்களே வாக்களித்துப் பழைய பெயரை மீட்டார்கள். இன்று அங்கே கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை.