இந்தியக் காபி: வாரியக் கொள்முதல் முதல் திறந்த சந்தை வரை

இந்தியாவில் விளையும் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்தில் உற்பத்தியாகிறது. குடகு, சிக்கமகளூரு, ஹாசன் ஆகியவை அதன் முக்கிய மாவட்டங்கள். நாட்டின் காபித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்கும் குறைந்த பரப்புடையவை. அவற்றின் விளைச்சலை 1990-களின் தொடக்கம் வரை காபி வாரியம் மட்டுமே கொள்முதல் செய்தது.

வாரியத்தின் காலம்

இரண்டாம் உலகப் போரால் ஐரோப்பியச் சந்தை முடங்கிய சூழலில், 1942-ஆம் ஆண்டு காபிச் சட்டம் இயற்றப்பட்டது. விதைக்கும் வீட்டுத் தேவைக்கும் உரியது போக, எஞ்சிய காபி முழுவதையும் விவசாயிகள் வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாரியம் அதை ஏலத்தில் விற்று, தரத்துக்கேற்ற தொகையைத் தவணைகளில் வழங்கியது.

விலை சரியும் ஆண்டிலும் விளைச்சலை வாங்க ஒருவர் இருந்தது இம்முறையின் பலம். முழுத் தொகையும் கைக்கு வரத் தாமதமானதும், உலகச் சந்தையின் விலை உயர்வு விவசாயிகளை உடனடியாகச் சென்றடையாததும் அதன் குறைகள்.

தளர்வும் சரிவும்

சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை 1989-இல் கைவிடப்பட்டது. பெருமளவில் காபி வாங்கி வந்த சோவியத் யூனியன் 1991-இல் கலைந்தது. இதையடுத்து, விளைச்சலின் ஒரு பகுதியை விவசாயிகள் நேரடியாக விற்க 1992-இல் அனுமதி கிடைத்தது. 1996-இல் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது.

1994-இல் பிரேசிலில் நிலவிய உறைபனியால் உலக விலை உயர்ந்திருந்த நேரம் அது. எனவே, புதிய சுதந்திரம் தொடக்கத்தில் ஆதாயமாகவே அமைந்தது. ஆனால், வியட்நாமில் உற்பத்தி பெருகி, 2001-ஆம் ஆண்டு வாக்கில் உலக விலை வீழ்ச்சியடைந்தபோது, இந்திய விவசாயிகள் அதை நேரடியாக எதிர்கொண்டு கடனில் சிக்கினர்.

இன்றைய நிலை

அராபிகா விலை நியூயார்க் சந்தையையும், ரோபஸ்டா விலை லண்டன் சந்தையையும் ஒட்டி நகர்கின்றன. குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் பயிர்களின் பட்டியலில் காபி இல்லை.

சிறு விவசாயிகள் பலர் உலர்த்திய பழங்களை உள்ளூர் வியாபாரிகளிடமே விற்கின்றனர். ஈரப்பதத்தையும், பழத்திலிருந்து கிடைக்கும் பருப்பின் விகிதத்தையும் கணக்கிட்டு 50 கிலோ மூட்டைக்கு விலை முடிவாகிறது. அந்த அளவீடு பெரும்பாலும் வாங்குபவரின் கையிலேயே உள்ளது.

கிடங்கும் கையிருப்புப் பணமும் உள்ள பெரிய தோட்டங்கள் நல்ல விலைக்காகக் காத்திருக்க இயலும். கூலியும் கடன் தவணையும் செலுத்த வேண்டிய சிறு விவசாயி, வரத்து மிகுந்திருக்கும் அறுவடைக் காலத்திலேயே விற்க நேர்கிறது. விற்கும் உரிமை இருவருக்கும் ஒன்றாயினும், விற்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஒருவருக்கே உள்ளது.